கடிகாரத்தைத் தொடாத வீடு

எங்கள் குழுவில் பதினான்கு பேர். எல்லோருக்கும் ஒரே கிறுக்கு, பழைய வீடியோ கேம். அதிலும் இரண்டு வகைதான். ஒன்று, நாமே ஒரு பாத்திரமாகி ஊர் ஊராகப் போய், வாளும் மருந்தும் சேர்த்து, சண்டை போட்டுத் தேறி, நாற்பது ஐம்பது மணி நேரம் ஆடுகிற ரோல் பிளேயிங் கேம். இன்னொன்று, இருட்டு வீட்டுக்குள் நம்மைத் தனியாக விட்டு ஈரக்குலையை நடுங்க வைக்கிற பேய் கேம். நேற்று வந்த கேமைப் பற்றிப் பேசினால் குழுவில் மரியாதை கிடையாது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூடுவோம். சென்டர்காரரும் எங்களில் ஒருவர். உள்ளறையில், டிவியில் மாட்டி கேம் ஆடுகிற மூன்று பழைய கன்சோல்களையும் ஒரு குண்டு டிவியையும் துணி போட்டு மூடிக் காப்பாற்றி வருகிறார். மற்ற நாட்களில் வாட்ஸப்பில் சண்டை போட்டுக்கொள்வோம். நான் இதே ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் ஸ்டாஃப் ரூமில் நான் சிரித்தாலோ முறைத்தாலோ காரணம் அந்தச் சண்டைதான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சண்டை என்றால் நிஜமான சண்டை. பேய் கேமில் பயம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். கேமரா ஒரு மூலையில் நின்றுவிடுவதால், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதே, அதுதான் பயம் என்றார் ஒருவர். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை செய்பவர் அவர். குழுவில் டோல்கேட்காரர் என்றுதான் பெயர். சென்டர்காரர் இசைதான் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் மூன்று தோட்டா, வாசலில் நான்கு பேய், அதுதான் பயம், மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று எழுதினேன். பதிலுக்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்த கேள்வி, எந்தக் கேமின் முடிவு மிகவும் துக்கமானது என்பது. டோல்கேட்காரர் ‘கடிகார வீடு’ என்றார். அந்த ஜப்பானிய கேமின் அசல் பெயர் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர்தான் இது. அக்கா தங்கை இருவர் ஒரு பாழடைந்த வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அக்காவை நாம் நடத்திப் போக வேண்டும். வீட்டில் அங்கங்கே ஆளுயரக் கடிகாரங்கள் நிற்கும். ஒன்றைத் தொட்டால் அதுவரை ஆடியது சேவ் ஆகும். செத்தாலும் அங்கிருந்து தொடரலாம். இன்டர்நெட்டில் யாரோ எழுதி வைத்திருக்கிற ஒரே ஒரு வழிகாட்டியின்படி அதற்கு மூன்று முடிவுகள். மூன்றிலும் அக்கா வெளியே வந்துவிடுவாள். மூன்றிலும் கதவு சாத்திக்கொள்ளும், தங்கை உள்ளேயே போய்விடுவாள்.

“நாலாவது ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருமே வெளிய வந்துடுவாங்க. எங்க அக்கா பாத்திருக்கா” என்று நான் எழுதினேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். டோல்கேட்காரர் ஏழு முறை அந்த கேமை முடித்தவர். எப்போது, எந்த டிஸ்க்கில், வீடியோ எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. ஒருவர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார். இரண்டு நாள் தாக்குப் பிடித்தேன். மூன்றாம் நாள், பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒரு வரி எழுதி விஷயத்தை முடித்தேன்: “சின்ன வயசுல என்னைத் தேத்தறதுக்கு எங்க அக்கா சொன்ன கதையா இருக்கும், விடுங்க.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வளர்ந்தது விழுப்புரத்தில். அப்பாவுக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டிவி ரிப்பேர் கடை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ரிப்பேருக்கு ஒரு கன்சோலையும் இரண்டு டிஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சரி செய்துவிட்டார். ஆள் சொன்ன நாளில் திரும்பி வரவில்லை. ஓடுகிறதா என்று பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தவர், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துப் போகவே இல்லை. எனக்குப் பத்து வயது, அக்கா பிளஸ் டூ.

அதில் ஒன்றுதான் குறை. சேவ் செய்ய மெமரி கார்டு என்று கட்டைவிரல் அளவு ஒரு பொருள் வேண்டும். அது வரவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. கன்சோலை அணைத்தால் ஆடியதெல்லாம் போய்விடும், கேம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். இரண்டாவது டிஸ்க் ஒரு ரோல் பிளேயிங் கேம். ஒரு நாளில் எவ்வளவு ஓடினாலும் மூன்றாவது ஊரைத் தாண்ட முடிந்ததில்லை. அதற்கு ‘மூணு ஊரு’ என்றே பெயர் வைத்தோம். அந்த மூன்று ஊர்களில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பானைக்குள் மருந்து இருக்கிறது என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் இருபதுக்கும் மேல் ஊர்கள் இருக்கின்றன என்று குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வயிறு எரிந்தது.

அந்த வருடங்களில் மின்வெட்டு என்றால் சாதாரண மின்வெட்டு இல்லை. எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குப் போகிற கரண்ட் ஒன்பது மணிக்கு வரும். பன்னிரண்டுக்கு மறுபடியும் போகும். இடையில் மூன்று மணி நேரம். கடிகார வீட்டை முடிக்கச் சாதாரணமாக நான்கு மணி நேரம் ஆகும் என்று வழிகாட்டி சொல்கிறது.

முதல் வாரத்திலேயே நாங்கள் ஒரு பெரிய தப்பு செய்தோம். கூடத்தில் நின்ற கடிகாரத்தை அக்கா தொட்டாள். பீப் என்று ஒரு சத்தம், சிவப்புக் கட்டத்துக்குள் புரியாத எழுத்து. அதே நொடியில் கரண்ட் போனது. இரண்டு நாள் கழித்துப் பயந்துகொண்டே இன்னொரு முறை தொட்டோம். மறுபடியும் சிவப்புக் கட்டம், மறுபடியும் கரண்ட் போனது. கார்டு இல்லை என்றுதான் அந்த எழுத்து சொல்லியிருக்கிறது, இரண்டு முறையும் மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது என்பதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் கண்டுபிடித்தது வேறு. இந்தக் கடிகாரத்தைத் தொட்டால் கரண்ட் போகும்.

சிரிக்காதீர்கள். முழுசாக நம்பினோம். ஒரு முறை நான் தெரியாமல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நடத்திப் போய்விட்டேன். “அடியே, தெருவுக்கே கரண்ட் போய்டும்டி!” என்று அக்கா கத்தி ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டில் மாவு அரைக்கிற சத்தம் கேட்டால், அவர்கள் கிரைண்டர் நிற்கக் கூடாதே என்றுகூடக் கடிகாரத்தை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தக் கடிகாரத்தைத் தொடவில்லை.

சேவ் கிடையாது, நேரமும் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அக்கா பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள். ஒன்பது பத்துக்குச் சமையலறைச் சாவி. ஒன்பதரைக்கு மாடிப்படி. பத்தேகாலுக்குள் கிணறு. பதினொன்று ஐம்பதுக்குள் கடைசி வாசல். எந்தப் பேயை அடிக்க வேண்டும், எதற்குப் போக்குக் காட்டி ஓட வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு. நாலு வாரத்தில் அந்த நாலு மணி நேர கேமை மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஒரு கேமை யார் சீக்கிரம் முடிப்பது என்று இன்று உலகம் முழுக்கப் போட்டி வைக்கிறார்கள். எங்கள் அக்கா மின்வாரியத்தோடு போட்டி போட்டாள்.

அவள் முடித்த அன்று நான் வீட்டில் இல்லை. அவளுக்குப் பரீட்சை லீவு, எனக்குப் பள்ளி. அன்றைக்கு அரை நாள்தான். மூச்சிரைக்க ஓடி வந்தேன். வாசற்படி ஏறும்போது கரண்ட் போனது. உள்ளே அக்கா அணைந்த டிவிக்கு முன்னால், தலைமயிர் நெற்றியில் ஒட்ட, ஜாய்ஸ்டிக்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்கடி. அக்காக்காரி தங்கச்சிய முதுவுல தூக்கிக்கினு வந்துட்டா.”

அந்த வார இறுதியிலேயே கன்சோலின் சொந்தக்காரர் அப்பா கடைக்கு வந்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டு, அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனவே அந்த முடிவை நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் இருந்தேன். அக்கா சொன்னால் எனக்கு அது பார்த்த மாதிரிதான்.

வளர்ந்த பிறகு, கம்ப்யூட்டரில் அதே கேமைப் பிடித்து நானும் மூன்று முறை முடித்தேன். இப்போது விவரம் தெரிந்தவளாயிற்றே, ஒவ்வொரு கடிகாரத்தையும் தொட்டுத் தொட்டு சேவ் செய்துகொண்டே போனேன். மூன்று முறையும் கதவு சாத்திக்கொண்டது. தங்கை உள்ளேயே போனாள். மூன்றாவது முறைக்குப் பிறகு அக்கா மேல் எனக்கிருந்த நம்பிக்கையில் ஒரு ஓரம் உதிர்ந்திருக்கிறது. குழுவில் அந்த வரியை எழுதும்வரை அது எனக்கே தெரியாது.

அக்கா இப்போது கண்டாச்சிபுரம் பக்கம் இருக்கிறாள். மாமாவோடு சேர்ந்து சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறாள். போன அறுவடையின்போது உதவிக்குப் போயிருந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தோம். செடியிலிருந்து காயைப் பிரித்துப் பிரித்து இருவர் விரலும் மண்ணாக இருந்தது. தோட்டா பற்றி நான் எழுதி ஜெயித்ததைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள, குழுவைத் திறந்து போனை அவள் முன்னால் வைத்தேன். அவள் புறங்கையால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். நான் காட்ட நினைத்த இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

“கதைன்னு எழுதிட்டியா” என்றாள்.

“அவனுங்க பேஜாரு பண்ணிக்கினே இருந்தானுங்கக்கா. அதான்…”

“சரி வுடு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. அடுத்த செடியை எடுத்து ஆய ஆரம்பித்தாள். அன்று பஸ் ஏறும்வரை வேறு எல்லாவற்றையும் பேசினாள், பிள்ளைகள், மழை, மாமாவின் முழங்கால் வலி. அவள் வாழ்க்கையில் பெரிதாகச் சாதித்தேன் என்று எதையும் சொல்லிக்கொண்டவள் இல்லை. இந்த ஒன்றை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதை நான் அவளுக்கு ஊர் பேர் தெரியாத பதின்மூன்று பேர் முன்னால், பள்ளிக்கு நேரமாகிறது என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன். திண்டிவனம் வந்து சேரும்வரை எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அவளை வரச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். “உன் பேச்ச நீயே காப்பாத்திக்கோ, எனக்கு இன்னாத்துக்கு” என்றாள். மூன்று முறை போன் செய்தேன். நான்காவது முறை, “டிஸ்க்கு இருக்குதா?” என்று கேட்டாள். சென்டர்காரர் யாரிடமோ அலைந்து அதே ஜப்பானிய டிஸ்க்கை வாங்கி வைத்திருந்தார்.

காலை பத்து மணிக்குள் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. குழுவில் அன்று ஒன்பது பேர். குண்டு டிவிக்கு முன் நாற்காலி போட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு, “கரண்ட் எப்பங்க போகும்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். “போவாதுங்க, இன்வெர்ட்டர் இருக்கு” என்றார் சென்டர்காரர். அவள் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் செத்தாள். ஜாய்ஸ்டிக் பிடித்துப் பல வருடமாகிறது. டோல்கேட்காரர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடத்துக் கடிகாரம் வந்தது.

“சேவ் பண்ணிக்கோங்க்கா” என்று மூன்று நான்கு குரல்.

“எங்க வூட்ல அதத் தொடமாட்டோம்.”

ஏன் என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன், தெருவுக்குக் கரண்ட் போன கதையை. அறையே குலுங்கச் சிரித்தது. டோல்கேட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது வெறும் சேவ் தான்க்கா, ஒண்ணும் ஆவாது” என்றார்.

“தெரியும் தம்பி. இப்பத் தெரியும். ஆனா நான் அன்னிக்கு எப்டி ஆடுனனோ அப்டித்தான் ஆடுவேன். வேற மாதிரி ஆடிட்டு, பாத்தேன்னு எப்டிச் சொல்றது?”

ஒன்றரை மணி நேரம் ஓடி, கிணற்றுக்கு அந்தப் பக்கம் செத்தாள். அறையில் ஐயோ என்று சத்தம். அவள் தண்ணீர் குடித்தாள், மல்லாட்டை இரண்டு உரித்துப் போட்டுக்கொண்டாள், மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கிட்டே போய்க் கேட்டேன். சமையலறைச் சாவி, மாடிப்படி, கிணறு. ரெக்கார்டு நோட்டு முழுக்க அவள் வாயில் இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் சேவ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பிரியாணிப் பொட்டலங்கள் வந்து மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தன. ஏழு முறை முடித்த டோல்கேட்காரர் எப்போது தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஓரிடத்தில் இரண்டு பேய்களுக்கு நடுவே அவள் ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் நழுவிப் போனாள். “நான் இங்க ஆறு தோட்டா வுட்டுருக்கேன்” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு மார்பு நிமிர்ந்தது. நான் ஆடவில்லைதான். இருந்தாலும் நிமிர்ந்தது.

கடைசி வாசலுக்கு வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான காட்சி. கேமில் வரும் அக்காக்காரி வெளியே ஓடுவாள், கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே தங்கை கூப்பிடுவாள், திரை கறுத்துவிடும். அக்காக்காரி வெளியே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. தங்கை கூப்பிட்டாள். திரை கறுத்தது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். எங்கள் அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை.

கறுத்த திரைக்குள்ளிருந்து கடிகாரம் அடித்தது. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு வரைக்கும். கதவு திறந்தது. அக்காக்காரி உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் முதுகில் தங்கை இருந்தாள்.

அடியில் ஒரு வரி ஜப்பானிய எழுத்து வந்து நின்றது. சென்டர்காரர் போனை நீட்டிப் பிடித்தார், போன் தன் கோணல் தமிழில் மொழிபெயர்த்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்: “நீங்கள் கடிகாரத்தை ஒரு முறையும் தொடவில்லை. கடிகாரம் உங்களுக்காக அடிக்கிறது.”

ஒரு முறைகூட சேவ் செய்யாமல் முடிப்பவர்களுக்கு மட்டும் அந்த முடிவு. விவரம் தெரிந்த நாங்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டுத்தான் அதை இழந்திருக்கிறோம். வழிகாட்டி எழுதியவரும் தொட்டிருக்கிறார். தொட்டால் கரண்ட் போகும் என்று நம்பிய ஒருத்திக்கு, விழுப்புரத்தில், பிளஸ் டூ பரீட்சை லீவில், அது கிடைத்திருக்கிறது.

“மன்னிச்சிக்கோங்க்கா” என்றார் டோல்கேட்காரர். எழுந்து நின்றே சொன்னார்.

அக்கா அவருக்குத் தலையை ஆட்டினாள். ஆனால் திரும்பியது என் பக்கம்.

“பாத்தியாடி?”

நான் அழுதுகொண்டிருந்தேன். திரை முழுக்கக் கலங்கித் தெரிந்தது. அடுத்த காட்சி ஏதாவது வருமா என்று பார்க்கச் சென்டர்காரர் பட்டனை அழுத்தக் கை நீட்டினார். அக்கா அவர் கையைத் தடுத்தாள்.

“இருங்க தம்பி. அன்னிக்கு இவ வர்றதுக்குள்ள கரண்ட் போய்டுச்சி. கண்ணத் தொடச்சிக்கினு இவ பாக்கட்டும்.”